ஜால்ரா வராத பெட்டி

என் அப்பா தாம்பரம் ரயில்வே யார்டில் ஷண்டிங் வேலை பார்த்தவர். ஆசைப்பட்டு வாங்கியது என்று அவருக்கு இருந்தது இரண்டே பொருள்தான். ஒன்று சைக்கிள், இன்னொன்று ரேடியோ. அந்த இரண்டையும் என் மாமா ஒரே மழைக்காலத்தில் அக்கு அக்காகக் கழற்றிப் போட்டார். இத்தனை வருஷம் கழித்து இதைச் சொல்ல உட்கார்ந்தாலும் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். பாசமெல்லாம் அதற்கப்புறம்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பல்லாவரம் பக்கம் ஒரு தகரப் பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டினார். இப்போது திருமுடிவாக்கம் போனால் சந்துக்குச் சந்து அந்த மெஷின் அடித்துக்கொண்டிருக்கிறது. அப்போது எங்களுக்கு அது பெரிய அதிசயம். மேலேயிருந்து இறங்கித் தகட்டை ஓர் அறை அறையும். அறைந்தால் ஒரு டப்பா மூடியோ, சல்லடை மாதிரி ஓட்டை விழுந்த தகடோ வெளியே வரும். சில நாள் அம்மாவோடு மாமாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருக்கிறேன். அந்த இரைச்சலில் யாரும் பேச மாட்டார்கள். சோறு வந்தாயிற்று என்பதற்கு ஒரு ஜாடை, மேஸ்திரி வருகிறார் என்பதற்கு ஒரு ஜாடை. வீட்டுக்கு வந்தும் மாமா ஜாடை காட்டுவார், இல்லாவிட்டால் கத்துவார். இரண்டுக்கும் நடுவில் அவருக்குப் பேச்சு கிடையாது. "தண்ணி கேக்கறது செங்கல்பட்டு வரைக்கும் போவணுமாடா?" என்று அம்மா கேட்பாள்.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பா பெரிய மனசு பண்ணிக் கூடத்தில் ஒரு மூலையைக் கொடுத்திருந்தார். கொடுத்ததை அவ்வப்போது சொல்லியும் காட்டுவார். அந்த மூலையை விட்டால் மாமாவுக்குப் போக வேறு வீடு இல்லை. தாய் தகப்பன் போய்விட்டார்கள், இருக்கிற ஒரே உறவு என் அம்மா. இது எனக்கே தெரிந்திருந்தது என்றால் அப்பா எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமாவுக்குத் தெரிந்த சங்கீதம் ஒன்றுதான். ஜால்ரா. மார்கழி விடியற்காலையில் எங்கள் தெரு வழியாகப் போகிற பஜனை கோஷ்டியில் சின்னப் பையனாக இருந்தபோதே ஜால்ராவைக் கையில் வாங்கியவர். எங்கள் பக்கத்துக் குளிர் ஒன்றும் பெரிய குளிர் இல்லை, ஆனாலும் மார்கழியில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு எல்லோரும் இமயமலைக்குப் போகிற மாதிரிதான் கிளம்புவார்கள். ஒரு மார்கழியில் கோஷ்டியை நடத்துகிற பெரியவர் பாதித் தெருவில் பாட்டை நிறுத்தி, நீ அடிக்கிற அடியில் பெருமாளே எழுந்து ஓடிவிடுவார், மெதுவாகத் தட்டு என்றிருக்கிறார். மறுநாளும் அதே அடி. அதற்கு மறுநாள் ஜால்ராவை வேறொரு கைக்கு மாற்றிவிட்டார்கள்.

மாமா வீட்டுக்கு வந்து, கோளாறு தன் கையில் இல்லை, வெண்கலத்தில் என்றார். வெண்கலம் செத்துவிட்டதாம். நாதம் வராததால்தான் ஓங்கி அடிக்க வேண்டியிருந்ததாம். கும்பகோணத்திலிருந்து புது ஜோடி வரவழைத்தார். ஒரு நாள் முழுக்கத் தட்டிப் பார்த்தார். நாங்கள் காதைப் பொத்திக்கொண்டு ஓடினோம். சாயங்காலம் அதையும் செத்த வெண்கலம் என்று சொல்லி ஒதுக்கிவிட்டார். காசுக்குப் பிடித்த கேடு என்று அம்மா அதைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டாள்.

அதற்கப்புறம் பழி ரேடியோ மேல் வந்தது.

அப்பாவின் ரேடியோ மரப்பெட்டி. முன்னால் தங்க நிறத்தில் துணி, ஓரத்தில் ஸ்டேஷன் பிடித்தால் ஒளிர்கிற பச்சைக் கண். செய்தி நேரத்தில் வீட்டில் யாரும் தும்மக்கூடாது. அப்பா அதைத் துடைப்பதற்கென்றே ஒரு பழைய வேட்டித் துண்டு வைத்திருந்தார். என் முகத்தை அப்படித் துடைத்ததில்லை. பக்திப் பாட்டு வரும்போதெல்லாம் மாமா அந்தப் பெட்டியோடு தலையை ஒட்டிவைத்துக்கொண்டு, இல்லை இல்லை என்று ஆட்டுவார்.

"மத்தளம் வருது, ஆர்மோனியம் வருது. ஜால்ரா மட்டும் வரல. பெட்டி முழுங்கிடுது மச்சான்."

அப்பா தன் மாட்டைக் குறை சொன்ன ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

மூன்றாவது வீட்டில் ஏர்போர்ஸில் ரேடியோ மெக்கானிக்காக இருந்த ஒருவர் குடியிருந்தார். தெருவில் எல்லோருக்கும் அவர் ஏர்போர்ஸ்காரர்தான். நல்ல மனிதர், ஆனால் அவரிடம் ஒரு வெளிநாட்டுப் புத்தகம் இருந்தது. அதில்தான் எங்கள் வீட்டுக்குச் சனி பிடித்தது. அந்தப் புத்தகத்தில் ஒரு படம். ஆள் உயரத்துக்கு ஜன்னல் வலை மாதிரி ஒன்று நிற்கிறது. அது பாடுமாம். ஓட்டை போட்ட இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு ஜவ்வுத் தாளை விறைப்பாக இழுத்து வைக்க வேண்டியது. தாளில் பெரிய கரண்டை ஏற்றி வைக்க வேண்டியது. பாட்டுக் கரண்ட் தகடுகளில் ஏறி இறங்கும்போது தாள் முன்னும் பின்னும் துடிக்கும், அந்தத் துடிப்பே பாட்டு. கொசுவின் சிறகுச் சத்தம்கூடத் தெளிவாக வரும் என்று அவர் மாமாவிடம் சொல்லிவிட்டார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். கனத்த சத்தத்துக்கு மட்டும் அது ஆகாது, அதற்குக் கீழே வழக்கமான ஸ்பீக்கரைத் தனிப் பெட்டியில் போட வேண்டுமாம்.

மாமா இதை எங்களுக்கு ஒரே வரியில் விளக்கினார். "தடி சத்தம் கீழ, பொடி சத்தம் மேல." ஜால்ரா பொடி சத்தம். அவ்வளவுதான், மறுநாளே வேலை தொடங்கிவிட்டது.

தகட்டுக்குப் பஞ்சமில்லை, பட்டறையில் கழித்துப் போட்டதைக் கேட்டு வாங்கிவந்தார். ஓட்டையின் விளிம்பில் பிசிறு இருந்தால் கரண்ட் அங்கே பாய்ந்துவிடுமாம். அதனால் ஒவ்வொரு ஓட்டையாக அரம் போட்டுத் தேய்த்தார். பல் கூசும் சத்தம். அம்மா அடுப்படியில் முந்தானையைக் காதில் அடைத்துக்கொண்டு சமைத்தாள். எதிர்வீட்டு அம்மாள் வந்து சண்டை போட்டுவிட்டுப் போனாள். மாமா அசையவில்லை. அந்தச் சத்தம் அவரை ஒன்றுமே செய்யாததை நான் ஒரு வீரம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜவ்வுத் தாளில் கரண்ட் நிற்பதற்கு அதன்மேல் பென்சில் கரியைப் பொடித்துப் பஞ்சால் தேய்க்க வேண்டும். யாருடைய பென்சில் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் வெறுங்கையோடு பள்ளிக்கூடம் போய் வாத்தியாரிடம் அடி வாங்கினேன். அதற்கப்புறம் நான் அதிகம் படிக்காததற்கு ஆயிரம் காரணம் உண்டு, இருந்தாலும் யாராவது கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

அடுத்தது சைக்கிள். தாளை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இழுக்க வேண்டும், கையால் இழுத்தால் சுருக்கம் விழும். அதற்கு ஏர்போர்ஸ்காரர் ஒரு வழி சொன்னார். ஒரு பலகையைச் சுற்றி சைக்கிள் டியூபை மாட்டி, தாளின் ஓரத்தை அந்த டியூபில் ஒட்டிக் காற்றடித்தால் டியூப் உப்பும். உப்ப உப்பத் தாள் தானே விறைக்கும். மாமா அப்பாவின் சைக்கிளில் இருந்து இரண்டு டியூபையும் உருவிவிட்டார். எதற்கு இரண்டு என்று கேட்டதற்கு, ஒன்று கிழிந்தால் இன்னொன்று வேண்டுமே என்றார். அது கிழியவும் கிழிந்தது.

பாட்டுக்கு ஒரு மெஷின் வேண்டும் இல்லையா? அதற்கு ரேடியோவைத் தங்கத் துணியோடு பிரித்தார். உள்ளே இருந்த ஸ்பீக்கரைத் தடி சத்தத்துக்கு என்று எடுத்து, அம்மா பருப்பு போட்டு வைத்திருந்த மரப்பெட்டியில் பொருத்தினார்.

ஐப்பசி மழை. அப்பா டியூட்டி முடிந்து யார்டிலிருந்து கடப்பேரியில் இருந்த எங்கள் வீடு வரைக்கும் நடந்தே வந்தார். வேட்டி முழங்கால் வரைக்கும் சேறு. தலையைத் துவட்டிக்கொண்டு செய்தி கேட்க உட்கார்ந்தால், ரேடியோ இருந்த இடத்தில் பல்புகளும் ஒயர்களும் குடல் சரிந்த மாதிரி கிடந்தன. பருப்பு ஒரு தினசரித் தாள் மேல் குவிந்திருந்தது. அப்பா கொஞ்ச நேரம் பருப்பையே பார்த்தார். பிறகு ரொம்ப மெதுவாகப் பேசினார். மெதுவாகப் பேசினால்தான் எங்களுக்குப் பயம்.

"வர்ற ஞாயித்துக்கிழமை என் வூட்ல பாட்டு கேக்கணும். கேக்கலன்னா உன் தகரத்தெல்லாம் தூக்கிகினு நீ கெளம்பிடணும். உங்கக்கா அழுதாலும் சரி."

மாமா, "இன்னா மச்சான்?" என்றார். அப்பா அதைக் கிண்டல் என்று நினைத்து எழுந்து போய்விட்டார். அம்மா மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை உரக்கச் சொன்னாள். சொல்லும்போதே அழுதாள். மாமாவின் முகம் சின்னதாகிவிட்டது.

அந்த வாரத்தில்தான் பல்லி செத்தது. கரண்ட் ஏற்றிப் பார்த்தபோது தகட்டின் பின்னால் குடியிருந்த ஒரு பல்லி 'சடக்' என்று விழுந்தது. ஒரு மாதிரி கருகின வாடை. அம்மா அலறிக்கொண்டு ஓடிவந்தாள். வீட்டில் பல்லியைக் கொன்றால் காஞ்சிபுரம் கோவிலுக்குப் போய்த் தங்கப் பல்லியைத் தொட்டுவிட்டு வந்தால்தான் தோஷம் போகும். கொன்றது நானில்லை, கரண்ட் என்று மாமா வாதாடிப் பார்த்தார். கரண்டைக் கூட்டிக்கொண்டு வந்தது யார் என்று அம்மா கேட்டாள். இருந்த நாட்களில் ஒரு முழு நாள் பஸ்ஸில் போயிற்று. நானும் போனேன். ஏணி ஏறிப் பல்லியைத் தொட்டேன். கோவில் வாசலில் எனக்குப் பொரி வாங்கித் தந்தார்கள். மாமா திரும்பி வரும் வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே மழையைத் திட்டிக்கொண்டே வந்தார்.

மழை அவருக்கு நிஜமான எதிரி. ஈரக் காற்றில் கரண்ட் தாளில் தங்கவில்லை, தகடு முழுக்கப் பொறி பறந்து சடசடவென்று பொரிந்தது. கடைசியில் அம்மாதான் வழி கண்டுபிடித்தாள். சாம்பிராணிச் சட்டியில் தணலைப் போட்டு, குளித்த குழந்தைக்குக் காட்டுகிற மாதிரி அந்தத் தகடுகளுக்குக் கீழே காட்டிக் காயவைத்தாள். நாள் முழுக்கத் திட்டுவாள், அப்புறம் சட்டியை எடுத்துக்கொண்டு வருவாள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் வந்தது. ஏர்போர்ஸ்காரர் தன் ரெக்கார்ட் பிளேயரையும் ஒரு பஜனை ரெக்கார்டையும் கொண்டுவந்தார். அதன் ஒயரை ரேடியோவின் குடலில் எங்கேயோ சொருகினார்கள். சுவரோரமாக அந்தப் பருப்புப் பெட்டி, அதன் தலையில் என் உயரத்துக்குத் தகடு. நேர் எதிரே உட்கார்ந்தால்தான் பொடி சத்தம் முழுசாக வருமாம், விலகினால் போய்விடுமாம். அதனால் நேர் எதிரே ஒரே ஒரு நாற்காலி. அதில் அப்பா, கால்மேல் கால் போட்டுக்கொண்டு, ரயில்வே விசாரணைக்கு வந்த அதிகாரி மாதிரி.

முதலில் சடசடத்தது. மாமா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு பாட்டு எழுந்தது.

எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பாட்டு பெட்டியிலிருந்து வரவில்லை. கூடத்தில் ஆட்கள் வந்து நின்ற மாதிரி இருந்தது. பாடுகிறவர் மூச்சு இழுப்பது கேட்டது. ஆர்மோனியத்தின் துருத்தி கேட்டது. அதற்கெல்லாம் மேலே, என் மூக்குக்கு நேரே யாரோ நின்று தட்டுகிற மாதிரி ஜால்ரா. ஜில்லென்று தொடங்கி, நூல் மாதிரி இழுத்துக்கொண்டே போய், அடுத்த தட்டு வந்து அதை அறுத்தது. அடுப்படியிலிருந்த அம்மா கரண்டியோடு வாசலுக்கு ஓடி, மார்கழிக்கு முன்னாலேயே பஜனை வந்துவிட்டதா என்று தெருவை எட்டிப் பார்த்தாள். அப்பா மேலே போட்டிருந்த கால் கீழே இறங்கியது. வாய் திறந்தபடி இருந்தது.

மாமா மட்டும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. இந்தப் பக்கம் போனார், அந்தப் பக்கம் போனார். அப்பாவின் தலைக்குப் பின்னால் குனிந்து கேட்டார். தகட்டுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனார். பொறி ஒன்று அவர் காது மடலைக் கடித்தது. உதறிவிட்டு மறுபடி கொண்டுபோனார்.

"வருதாடா?" என்று என்னைக் கேட்டார்.

"சூப்பரா வருது மாமா. ஜால்ரா காதுல குத்துது."

"எனக்கு ஜால்ரா போடாத. நெஜத்தைச் சொல்லு."

நான் ஜால்ரா என்று சொன்னதும் அவர் ஜால்ரா என்று சொன்னதும் வேறு வேறு என்று புரிவதற்கே எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அம்மாவைக் கேட்டார். வருதுடா, தெருவில் கேட்ட மாதிரி வருது என்றாள். உனக்கு என்னை வீட்டைவிட்டு அனுப்ப மனசில்லை, அதனால் சொல்கிறாய் என்றார். ஏர்போர்ஸ்காரரைக் கேட்டார். அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். கடைசியில் அப்பாவிடம் வந்து நின்றார். என் அப்பா யாருக்கும் பொய்யாக ஒரு நல்ல வார்த்தை சொன்னவர் இல்லை. ஸ்டேஷன் மாஸ்டரிடமே சொன்னதில்லை, அதனால்தான் கடைசி வரைக்கும் ஷண்டிங்கிலேயே இருந்தார்.

"வருதுய்யா," என்றார் அப்பா. "நல்லாவே கீது. ஒக்காரு, ஒக்காந்து கேளு." சொல்லிவிட்டு அவரே எழுந்து அந்த நாற்காலியைக் கொடுத்தார்.

மாமா உட்கார்ந்தார். கையை முழங்காலில் வைத்துக்கொண்டு, ரெக்கார்ட் ஒரு பக்கம் முடியும் வரைக்கும் அசையாமல் இருந்தார். நாங்கள் எல்லோரும் பாட்டை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ரெக்கார்ட் வெறுமனே சுற்ற ஆரம்பித்ததும் அவர் எழுந்தார். சுவிட்சை அணைத்தார். பாக்கெட்டிலிருந்து பிளேடை எடுத்து, தகட்டின் பக்கவாட்டில் விட்டு, அத்தனை நாள் இழுத்துக் கட்டிய தாளை மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரே இழுப்பாகக் கிழித்தார்.

அப்பாவுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. சைக்கிள் போனது, ரேடியோ போனது, பருப்புப் பெட்டி போனது. அத்தனையும் போய், கடைசியில் ஊரில் யாருக்கும் இல்லாத ஒன்று அவர் வீட்டுக்கு வந்து, ஒரே ஒரு பாட்டு பாடி முடித்ததும் அதுவும் போய்விட்டது.

"பாட்டு வந்துச்சேடா! வந்தப்புறம் ஏன்டா அறுத்த?"

மாமா தன் துணியை மடித்துத் தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். நிமிராமல் சொன்னார்.

"வரல மச்சான். நீங்கல்லாம் நல்லவங்க. வந்ததா சொல்றீங்க."

போகவேண்டாம் என்று அப்பாவே சொன்னார். சண்டை போடுகிற குரலில்தான் சொன்னார், ஆனாலும் சொன்னார். அம்மா பெட்டியைப் பிடித்து இழுத்தாள். ஞாயிற்றுக்கிழமை என்று கெடு வைத்தீர்கள், ஞாயிற்றுக்கிழமை வந்தாயிற்று, ஜால்ரா வரவில்லை என்றார் மாமா. பல்லாவரத்தில் பட்டறைக்குப் பின்னாலேயே ஒரு ரூம் பார்த்துக்கொண்டார். காலையில் பிரஸ், ராத்திரியில் பக்கத்துச் சுவருக்கு அந்தப்புறம் இன்னொரு ஷிப்ட் ஓட்டுகிற பிரஸ். அங்கே எப்படித் தூங்குகிறாய் என்று அம்மா கேட்டதற்கு, இந்த ஊரிலேயே அமைதியான இடம் அதுதான் என்று அவர் சொன்னாராம். அம்மா அதை அப்பாவிடம் சொல்ல, அவனுக்குக் கொழுப்பு என்று அப்பா சொல்லிவிட்டார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். கண் முன்னால் வந்ததை வரவில்லை என்று சாதிக்கிற மனிதர், சொந்த அக்கா சொன்னாலும் நம்பாத பிடிவாதம். போகும்போது என் தலையைத் தடவ வந்த கையை நான் தட்டிவிட்டு உள்ளே போனேன். வாசலில் நின்று என்னவோ சொன்னார். பதில் சொல்லக்கூடாது என்று கதவுக்குப் பின்னால் வாயை இறுக்கிக்கொண்டேன். சொல்லியிருந்தாலும் என் சின்னக் குரல் அவருக்கு எட்டியிருக்குமா என்று அப்போது நினைக்கத் தெரியவில்லை.

இப்போது நான் கேளம்பாக்கத்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். டிவியைக் கத்தவிடுகிறேன் என்று மருமகளுக்குக் குறை. போன மாசம் மகன் தாம்பரத்துக்குக் கூட்டிப்போய் ஒரு காது டாக்டரிடம் காட்டினான். என்னைக் கண்ணாடி வைத்த ஒரு சின்னக் கூண்டில் உட்காரவைத்து, காதில் ஒன்றை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்க வேண்டும். முதலில் கேட்டது, அமுக்கினேன். அப்புறம் ஒன்றும் வரவில்லை. பொறுத்துப் பார்த்தேன். வெளியே உட்கார்ந்திருந்த பெண் மெஷினில் எதையோ திருகிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு வேலை தெரியவில்லை போலிருக்கிறது என்று எனக்கு எரிச்சலாக வந்தது. கண்ணாடியைத் தட்டினேன்.

"இன்னாம்மா, மிஷின் ரிப்பேரா? சத்தமே வரலியே."

அவள் கதவைத் திறந்து, சிரித்த முகமாக, "வந்துட்டேதான் இருக்கு தாத்தா," என்றாள்.

நல்ல பெண். மனசு நோகக்கூடாதே என்று பொய் சொல்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.